சென்னையில் இல்லாத பவளம் ராமநாதபுரத்தில் எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் கண்ணாடிப் படகில் போய்விட்டு இறங்குகிறவர்கள் கேட்பதும், கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டுக்காகக் கேட்பதும், சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பவளம் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை, ஏன் சாகிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் பக்கத்திலிருக்கும் பாக் விரிகுடாவிலிருந்தும் வரும். தேவைப்படும்போது கட்ச், லட்சத்தீவு, இலங்கை, அபுதாபி என்று போய்வருவோம்.

பவளம் செடியா, கல்லா, பூச்சியா?

விலங்கு. சொறிமீனுக்குச் சொந்தக்காரர். பாலிப் என்கிற குட்டிக்குட்டி உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொடுக்குபோல உணர்நீட்சிகள், அடியில் தானே கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கிண்ணம். ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும்போது நாம் பார்க்கும் "பாறை" வருகிறது. அதில் மேல்தோல் மட்டும்தான் உயிர், உள்ளே இருப்பதெல்லாம் பழைய வீடு.

இதில் ஒரு குடித்தனக்காரர் உண்டு, அதுதான் கதையின் முக்கியமான ஆள். பாலிப்பின் சதைக்குள்ளேயே ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலை வைத்துச் சமைக்கிறது, சமைத்ததில் பெரும்பங்கை வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 விழுக்காடு வரை இப்படி வரலாம். நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தப் பாசியின் நிறம். பவளம் எங்கே வளரும் என்ற கேள்வியில் பாதி, இந்தப் பாசிக்கு எங்கே வசதிப்படும் என்ற கேள்விதான்.

நகைக்கடையில் விற்கும் சிவப்புப் பவளம் இதுதானா?

இல்லை. அது மத்தியதரைக் கடலில் வளரும் வேறு இனம். அதற்குள் பாசி கிடையாது, அதனால் வெயில் வேண்டாம். குகை, நிழல், ஆழம் என்று வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் இருக்கும், குளிர்ந்த தண்ணீரும் ஒத்துக்கொள்ளும். இரண்டாயிரம் வருடம் முன்பு ரோமானியக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களில் இறக்கிய சரக்கில் பவளமும் உண்டு. நவரத்தினத்தில் ஒன்றாக நாம் வைத்திருப்பது அன்றைய இறக்குமதிச் சாமான். மன்னாரில் இருப்பதைக் கழுத்தில் போட்டால் கழுத்துதான் அறுபடும்.

சரி, தமிழ்நாட்டுக் கடற்கரை இவ்வளவு நீளம். பவளம் மட்டும் ஏன் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், ராமநாதபுரம் தண்ணியில்லாக் காடு என்பதால்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பவளத்துக்கு ஆகாத மூன்றை ஆறு ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது: நன்னீர், வண்டல், உரச்சத்து. நன்னீர் வந்தால் உப்பு குறைகிறது. வண்டல் வந்தால் தண்ணீர் கலங்கிக் குடித்தனக்காரப் பாசிக்கு வெளிச்சம் போகிறது, போதாததற்கு மண் பாலிப்பின் வாய்மேலேயே படிகிறது. உரச்சத்து வந்தால் மற்ற பாசிகள் கொழுத்துப் பவளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் கங்கையிலிருந்து ஆரம்பித்து மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று வரிசையாக இறங்குகின்றன. அந்த டெல்டாக்கள்தான் நமக்குச் சோறு போடுகின்றன, அதே டெல்டாக்கள்தான் அங்கே பவளத்திட்டு இல்லாததற்கும் காரணம். சென்னைக் கடலில் இறங்கிப் பாருங்கள், மணலும் கலங்கலும் அலையும்தான்.

இப்போது ராமநாதபுரத்துக்கு வாருங்கள். வைகை கடலுக்கு வந்து சேர்வதே அபூர்வம், பெரிய கண்மாயிலேயே முடிந்துவிடும். குண்டாறும் வைப்பாறும் வேம்பாறும் மழைக்காலத்தில் சில நாள் ஓடினால் உண்டு. பெரிய ஆறு என்றால் தாமிரபரணிதான், அதுவும் தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைக்காயலில் கலக்கிறது. பவளத் தீவுகள் எல்லாம் அதற்கு வடக்கே. இங்கிருந்து இடம் மாறினால் யாராவது வருத்தப்படுவார்களா என்று கேட்கிற அளவுக்கு அரசு ஊழியர்களிடம் பெயர் கெட்டுப்போன மாவட்டம், பவளத்துக்கு மட்டும் சொர்க்கம்.

அப்புறம் இலங்கை. அந்தத் தீவு குறுக்கே நிற்பதால் வங்கக் கடலின் பெரிய அலையும் பல புயல்களும் நேராக இங்கே வந்து அடிப்பதில்லை. 2004 சுனாமியிலும் மன்னார் வளைகுடாப் பவளங்களுக்குப் பெரிய சேதம் இல்லாததற்கு இந்த மறைப்பு ஒரு காரணம்.

மூன்றாவது, தரை. பவளத்தின் குடம்பி, அதாவது குஞ்சு, சில நாள் மிதந்துவிட்டு எங்காவது ஒட்டியாக வேண்டும். மணலில் ஒட்டினால் அடுத்த அலையில் புரண்டு போய்விடும். கெட்டியான பிடிமானம் வேண்டும், அதிலும் இளஞ்சிவப்பாகப் பூச்சுப் பூசினாற்போல் கல்லில் படரும் ஒருவகைச் சுண்ணாம்புப் பாசி இருந்தால் குடம்பி அதைத் தேடிப் போய் உட்காரும். நம் மீனவர்கள் "பார்" என்று சொல்லும் கடலடிக் கல்திட்டுகள் இந்தப் பகுதியில் நிறைய. முத்துக்குளித்த காலத்தில் முத்துச்சிப்பி உட்கார்ந்ததும் பார்களில்தான்.

ஆக 21 தீவுகள், 117 வகைக்கு மேல் கல்பவளம் பதிவான கடல். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம்.

வேறெங்கும் ஒரு துண்டு பவளம்கூட இல்லையா?

இருக்கிறது. பவளம் வளர்வது வேறு, திட்டுக் கட்டுவது வேறு. கன்னியாகுமரிப் பக்கத்துப் பாறைகளில் உண்டு, கர்நாடகத்தின் நேத்ராணி தீவைச் சுற்றி உண்டு, மகாராஷ்டிரத்தில் மால்வனிலும் உண்டு. பாறைமேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடியிருக்கும், ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு சேர்த்துத் திட்டாக உயர்வதற்கு அங்கே நிலைமை போதாது. மேற்குக் கரையில் ஆனி, ஆடியில் அடிக்கும் அலையையும் சின்னச் சின்ன ஆறுகள் கொட்டும் செம்மண் தண்ணீரையும் பார்த்தால் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம் என்று தோன்றும்.

எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?

மீட்டரில் கேட்காதீர்கள், வெளிச்சத்தில் கேளுங்கள். மாலத்தீவு, லட்சத்தீவு மாதிரி கண்ணாடித் தண்ணீரில் 40, 50 மீட்டர் ஆழத்திலும் பவளம் நன்றாக வளரும், இன்னும் கீழே மங்கலில் தட்டையாக விரிந்து வெயிலைப் பிடிக்கும் வகைகளும் உண்டு. மன்னார் தண்ணீர் அவ்வளவு தெளிவு இல்லை. இங்கே நல்ல பவளம் பெரும்பாலும் ஓர் ஆள் ஆழத்திலிருந்து இரண்டு மூன்று பாகத்துக்குள்ளேயே (ஒரு பாகம் ஆறடி). அதற்குக் கீழே போனால் மணலும் கடற்பஞ்சும். ஒரே இனப் பவளம் தெளிந்த கடலில் 20 மீட்டரிலும் கலங்கிய கடலில் 3 மீட்டரிலும் இருப்பதைப் பார்க்கலாம், இரண்டு இடத்திலும் அதற்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மேலேயும் ஓர் எல்லை உண்டு. வத்தத்தில், அதாவது கடல் இறங்கும் நேரத்தில், தண்ணீருக்கு வெளியே தலை நீட்டினால் வெயிலில் காய்ந்துபோகும். ஆழமில்லாத இடத்து உருண்டைப் பவளங்கள் சிலவற்றின் உச்சி சீவிவிட்டாற்போல் தட்டையாகவும் சுற்றுப்புறம் மட்டும் உயிரோடும் இருப்பது அதனால்தான். அந்தத் தட்டை உச்சியைப் பார்த்தே தாழ்ந்த வத்தத்தின் மட்டம் எதுவென்று சொல்லிவிடலாம்.

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பவளமா?

பாலத்தின்மேல் நின்று பார்த்தால் இரண்டு கடலும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ராமேஸ்வரத்து மீனவர்கள் தெற்கே மன்னார் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள், வடக்கே பாக் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே அலை, ஆழம், ஓட்டம். வடக்கே பெரும்பாலான இடம் 15 மீட்டருக்குள், அடியில் சேறு, வருடத்தில் பாதி நாள் குளம்போலக் கிடக்கும்.

பவளமும் இந்தப் பிரிவை அப்படியே பின்பற்றுகிறது. மன்னார் பக்கத்தில் கிளைவிடும் மான்கொம்புப் பவளமும், இலைபோல் மேசைபோல் விரியும் வகைகளும் நிறைய. அதுவும் தீவின் கடல்பார்த்த பக்கத்தில்தான் நல்ல வளர்ச்சி. கரைபார்த்த பக்கம் கடற்புல். பாக் பக்கத்தில் மண்டபத்திலிருந்து பாம்பன், ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி ஒடுங்கலாக ஒரு திட்டு ஓடுகிறது. அங்கே உருண்டைப் பவளமும் மூளைப் பவளமும்தான் கை ஓங்கியவை. காரணம் வாடை. ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்குக் காற்று அந்த ஆழமில்லாத சேற்றுக் கடலைக் கலக்கிவிடும், தண்ணீர் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். பெரிய பாலிப்புள்ள உருண்டைப் பவளங்கள் சளியைச் சுரந்து மண்ணைத் தள்ளிவிடும் சாமர்த்தியம் உள்ளவை, கொஞ்சநாள் பட்டினியும் தாங்கும். மான்கொம்பு வேகமாக வளரும், ஆனால் சொகுசுக்காரி.

ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தலைகீழ்: தெற்கே கலங்கும், வடக்கே தெளியும். இரண்டு காற்றும் மாறி மாறி இரண்டு கடலையும் வருடாவருடம் கலக்குகின்றன, நடுவே சில மாதம் ஓய்வு. அந்த ஓய்வில் பவளம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதுதான் கணக்கு. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, நிலத்தின் ஒடுங்கிய இடத்தில் காலையில் ஒரு கடலும் மத்தியானம் இன்னொரு கடலும் இறங்கிப் பார்த்துவிடலாம். உலகத்தில் வெகுசில இடத்தில்தான் இப்படி நடந்தே போய் ஒப்பிட முடியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுமார் 20,000 வருடம் முன்பு பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்குவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் விரிகுடா முழுக்கத் தரை. இன்று நீங்கள் பார்க்கும் திட்டெல்லாம் கடல் திரும்பி ஏறிய பிறகு வந்த புதுக்குடித்தனம்.

அலையினால் பவளத்தின் உருவம் மாறுமா?

மாறும். அலை நேராக மோதும் இடத்தில் கட்டையான, தடித்த கிளைகள் அல்லது பாறைமேல் படிந்த வளர்ச்சி. மறைவான இடத்தில் நீண்ட மெல்லிய கிளைகள். ஆனால் அலையே இல்லாவிட்டாலும் ஆகாது. நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடினால்தான் ஆக்சிஜன் வரும், இரை வரும், மேலே விழுந்த மண் கழுவிப் போகும். மின்விசிறி இல்லாத அறையில் ஆட்களை அடைத்துவைத்தாற்போல் ஆகிவிடும் ஓட்டம் நின்றால். வளரும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு: மான்கொம்பு வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் வரை போகும், போரைட்டிஸ் என்கிற உருண்டைப் பவளம் சுமார் 1 சென்டிமீட்டர். ஒரு புயல் மான்கொம்புக் காட்டை ஒரே ராத்திரியில் நொறுக்கும், பக்கத்தில் உருண்டை அசையாமல் உட்கார்ந்திருக்கும். பத்து வருடத்தில் மான்கொம்பு திரும்பவும் மூடிவிடலாம், நடுவே வேறு அடி விழாமல் இருந்தால்.

பவளத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் பிடிக்கும் என்கிறார்கள். பிறகு சூடானால் ஏன் சாகிறது?

பிடித்த சூட்டுக்கும் தாங்கும் எல்லைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகவும் குறைவு, அதுதான் சிக்கல். திட்டுக் கட்டும் பவளங்கள் பொதுவாக 18 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது, அதனால்தான் உலக வரைபடத்தில் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சுமார் 30 பாகைக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குள்ளும் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் அடிக்கடல் குளிர்நீர் மேலே வருவதால் பவளம் சொற்பம். மேல் எல்லை இடத்துக்கு இடம் மாறும். ஒரு கடலின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால் போதும், பாலிப் தன் குடித்தனக்காரப் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனால் நிறம் போகும், வெள்ளை எலும்பு தெரியும். வெளிறல் என்பது அதுதான். வெளிறியது உடனே செத்ததாக அர்த்தமில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பி வரும்.

மன்னாரில் சித்திரை, வைகாசிதான் ஆபத்தான காலம். காற்று ஓய்ந்து, கடல் கண்ணாடியாகி, ஆழமில்லாத தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டும். பிறகு கச்சான் கிளம்பியதும் தண்ணீர் கலந்து குளிரும், பவளம் மூச்சுவிடும். கச்சான் பத்துநாள் முன்னே வந்தால் பிழைத்தது, பத்துநாள் தள்ளினால் போயிற்று. கரையில் நமக்குப் புழுதியும் எரிச்சலுமாக இருக்கும் அந்தக் காற்று, தண்ணீருக்கடியில் ஏசி.

1998, 2010, 2016 மூன்றும் இங்கே மோசமான வருடங்கள். 2016-க்கு முன்னால் மன்னார் வளைகுடாத் திட்டுகளில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காடு, வெளிறல் முடிந்து பார்த்தபோது சுமார் 23. மான்கொம்பும் இலைப்பவளமும்தான் அதிகம் செத்தன, உருண்டைகள் பெரும்பாலும் தேறின. ஆகவே ஒவ்வொரு வெப்ப வருடமும் பவளத்தைக் குறைப்பதோடு, மிச்சமிருப்பதில் யார் யார் என்ற கலவையையும் மாற்றிவிட்டுப் போகிறது. உருண்டை மட்டும் மிஞ்சிய திட்டில் சின்ன மீன்கள் ஒளிந்துகொள்ள இடம் குறையும், அதை மீனவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

அபுதாபிக் கடலில் 35 டிகிரியிலும் பவளம் இருக்கிறதாமே, அதை இங்கே கொண்டுவந்து நட்டால் என்ன?

இருக்கிறது. பாரசீக வளைகுடாவில் கோடையில் தண்ணீர் 35 டிகிரி தொடும், குளிர்காலத்தில் 20-க்கும் கீழே போகும், உப்பும் நம் கடலைவிட அதிகம். அந்த அடியெல்லாம் தாங்கிய பரம்பரைதான் அங்கே மிஞ்சியிருக்கிறது, வகைகளும் குறைவு. ஆனால் அவைகூட அந்தக் கடலின் வழக்கத்தைத் தாண்டினால் தாங்குவதில்லை. 2017 கோடையில் காற்று வழக்கத்தைவிட ஓய்ந்துபோய் தண்ணீர் அளவுக்குமேல் சூடாகி அபுதாபிப் பக்கம் பெரும்பகுதி செத்தது. அங்கேயும் காற்றுதான் விஷயம், கவனித்தீர்களா.

கொண்டுவந்து நடுவது பற்றி என் கருத்து: வேண்டாம். ஒரு கடலுக்குப் பழகியது இன்னொரு கடலின் வண்டலையும் நோயையும் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். அயல் உயிரைக் கொண்டுவந்து விட்டதில் இந்தக் கரை ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது, கீழே வருகிறது.

கட்ச் வளைகுடா பாலைவனப் பக்கம்தானே, அங்கேயும் ஆறு குறைவு. அங்கே மன்னார் அளவுக்கு ஏன் இல்லை?

நல்ல கேள்வி. பவளத்தைக் கெடுக்க அங்கே ஆறு வேண்டியதில்லை, ஏற்றவத்தமே போதும். மன்னாரில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள். கட்சில் பல மீட்டர். அந்த ஓட்டம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அடிச்சேற்றைக் கிளப்பித் தண்ணீரை எப்போதும் கலங்கலாக வைத்திருக்கும். வத்தத்தில் திட்டு மணிக்கணக்கில் வெளியே கிடக்கும், குளிர்காலத்தில் தண்ணீர் நன்றாகவே குளிரும். அதனால் அங்கே உருண்டையும் மூளையும் படர்வதும்தான்; கிளைவிடும் மான்கொம்பு அழிந்து அதன் பழைய எலும்புகள் மட்டும் கிடந்தன. ஆனாலும் பீரோத்தான் தீவில் வத்த நேரத்தில் காலை நனைத்துக்கொண்டு நடந்தே பவளம் பார்க்கலாம் என்பது மன்னார்க்காரனான எனக்கே கொஞ்சம் பொறாமை.

நடுக்கடலில் லட்சத்தீவு எப்படி வந்தது? அங்கே என்ன பாறை இருந்தது?

எரிமலை. 1842-ல் டார்வின் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையில் நிற்கிறது: எரிமலைத் தீவைச் சுற்றிக் கரையோரமாகப் பவளம் பிடிக்கும், தீவு மெல்ல மெல்ல அமிழும், பவளம் வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகும், கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும். பசிபிக்கில் எனிவெடாக் வளையத்தீவில் 1952-ல் துளைபோட்டபோது 1,200 மீட்டருக்கும் மேலான பவளச் சுண்ணாம்பைத் தாண்டித்தான் எரிமலைப் பாறை தட்டியது. அவ்வளவும் பவளம் அடுக்கிய செங்கல்.

லட்சத்தீவில் ஆறு கிடையாது, தண்ணீர் தெளிவு, சுற்றிலும் ஆழ்கடல். எல்லாம் தோதாக இருந்தும் 1998, 2010, 2016 வெப்ப அலைகளுக்குப் பிறகு அங்கே உயிர்ப்பவளப் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வண்டலிலிருந்து தப்ப நடுக்கடலுக்குப் போகலாம், சூட்டிலிருந்து தப்ப அங்கே இடமில்லை.

இலங்கைப் பக்கம் எப்படி?

அங்கே முருகைக்கல் என்பார்கள், எனக்குப் பிடித்த சொல். தெற்கே ஹிக்கடுவையிலும் மேற்கே கற்பிட்டிக்கு வெளியே இருக்கும் பெரிய திட்டிலும் 1998 வெளிறல் பேயடி அடித்தது. கிழக்கே திருகோணமலைப் பக்கம், புறாத்தீவையும் சேர்த்து, பெரும்பாலும் தப்பித்தது. ஒரே தீவு, ஒரே வருடம், கரை மாறியதும் கதை மாறியது. "இலங்கையில் பவளம் செத்துவிட்டது" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்கிறவர்களிடம் எந்தக் கரை என்று கேளுங்கள்.

பாசி வளர்ந்தால் கடலுக்கு நல்லதுதானே?

எந்தப் பாசி, எவ்வளவு, எங்கே. மன்னாரில் சில வருடம் தண்ணீர் பச்சைப்பசேலென்று மாறும், மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம். 2008-லும் 2019-லும் பெரிதாக வந்தது. அது செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜனைக் குடித்துவிடும், அடியில் நகரமுடியாமல் உட்கார்ந்திருக்கும் பவளம் மூச்சுமுட்டிச் சாகும், மீன்களும்தான்.

இன்னொன்று கப்பாபைகஸ். கராஜீனன் என்கிற கூழ்ப்பொருள் எடுப்பதற்காக வளர்க்கும் வெளிநாட்டுக் கடற்பாசி. பாக் பக்கத்தில் பெண்களுக்கு நல்ல வருமானம் தந்தது, அதை மறுக்கமுடியாது. ஆனால் 2008 வாக்கில் குருசடைத் தீவில் மான்கொம்புப் பவளத்தின்மேல் அது போர்வைபோல் படர்ந்திருப்பது தெரியவந்தது. மேலே போர்வை விழுந்தால் குடித்தனக்காரருக்கு வெயில் கிடையாது. மேலே சொன்ன பாடம் இதுதான்.

கிளிமீன் போன்ற பாசி மேயும் மீன்கள் போதுமான அளவு இருந்தால் உள்ளூர்ப் பாசிகளைக் கட்டுக்குள் வைக்கும். அவற்றைப் பிடித்துத் தீர்த்தால் செத்த பவளத்தின்மேல் புதுக்குடம்பி உட்கார இடமே இருக்காது, பாசி முந்திக்கொள்ளும்.

தீவுகள் கரைந்துவிட்டன என்கிறார்களே, அதற்கும் பவளத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். இந்தத் தீவுகளே பவளச் சல்லியும் மணலும் குவிந்ததுதான். கரியாச்சல்லி, விலாங்குச்சல்லி, புளுவினிச்சல்லி என்று பெயரிலேயே சல்லி நிற்கிறது. சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் படகு படகாகப் பவளக்கல் வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், நட்சத்திரம் நட்சத்திரமாகப் பாலிப்பின் குழிகள் தெரியும். முன்னால் நிற்கும் திட்டை வெட்டிவிட்டால் அலை நேராகத் தீவில் அடிக்கும். பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு சுருங்கிச் சுருங்கி அதுவும் போகிற நிலைக்கு வந்தபோது, 2015-லிருந்து அதன் கடல்பார்த்த பக்கத்தில் கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, தீவு நின்றது, அந்தக் கான்கிரீட்டில் பவளக் குடம்பியும் ஒட்ட ஆரம்பித்தது.

அப்படியென்றால் எங்கே வேண்டுமானாலும் கான்கிரீட் போட்டுப் பவளம் வளர்க்கலாமா?

மெரினாவுக்கு எதிரே போட்டால் மீன் வரும், பவளத்திட்டு வராது. கான்கிரீட் தருவது பிடிமானம் மட்டும். வெளிச்சம், உப்பு, தெளிவு, ஓட்டம், பக்கத்திலிருந்து மிதந்துவரும் குடம்பி, இதையெல்லாம் கான்கிரீட் தராது. தூத்துக்குடி, மண்டபப் பக்கங்களில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பவளத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டி நட்டுவருகிறார்கள். பலன் கிடைத்தது முன்பு பவளம் இருந்து, வெட்டியதால் பிடிமானம் மட்டும் போன இடங்களில். நிலைமையே கெட்டுப்போன இடத்தில் நடுவது உப்புத்தரையில் நாற்று நடுகிற வேலை.

கடல் சூடானால் பவளம் குளிர்ந்த பக்கமாக நகர்ந்துபோய்ப் பிழைக்காதா?

ஜப்பானில் கொஞ்சம் நடக்கிறது. அங்கே சில வகைகள் வடக்கு நோக்கி வருடத்துக்கு 14 கிலோமீட்டர் வரை பரவியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நகர்வதென்றால் குடம்பி அந்தப் பக்கம் போய் ஒட்டுவதுதான், வளர்ந்த பவளம் எழுந்து நடக்காது. அங்கே வடக்கே பாறைக் கரையும் தெளிந்த தண்ணீரும் வெப்ப நீரோட்டமும் இருக்கின்றன.

நம் மன்னார்ப் பவளத்துக்கு வடக்கே என்ன இருக்கிறது? பாக் விரிகுடாவின் சேறு, அதற்கப்புறம் காவிரி டெல்டா, கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி, கங்கை. மேலே சொன்ன அதே வரிசை. வெப்பம் துரத்துகிறது, வண்டல் கதவைச் சாத்திவைத்திருக்கிறது. போதாததற்குக் கரியமிலவாயு கரைந்து கடல்நீரின் தன்மை மாறுவதால் சுண்ணாம்பு கட்டுவதும் உலகம் முழுக்கக் கடினமாகிக்கொண்டு வருகிறது. அதனால் இந்த 21 தீவுகளைச் சுற்றி இருப்பது இங்கேயேதான் பிழைத்தாக வேண்டும். உள்ளூரில் நாம் குறைக்கக்கூடியவை கழிவுநீர், கடலடியை வாரும் வலை, நங்கூரம். வெப்ப வருடத்தில் அதெல்லாம் போதாது என்பதும் தெரியும், ஆனால் கச்சான் வந்து தண்ணீர் ஆறிய பிறகு தேறி எழும்புவதற்கு அவைதான் வித்தியாசம் செய்யும் என்று நினைக்கிறேன்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டை எடுத்துப் போகலாமா? செத்ததுதானே?

கூடாது. 2001-லிருந்து கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. செத்தது, உடைந்தது, கடையில் வாங்கியது என்ற சமாதானம் எதுவும் செல்லாது, வனத்துறை பிடித்தால் வழக்குத்தான். தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ யாராவது மீன்தொட்டிக்கென்று விற்றால் வாங்காதீர்கள். குழந்தை ஏற்கெனவே பையில் போட்டுவிட்டதென்றால், பேருந்து ஏறுவதற்கு முன் திரும்பிப்போய் அலை நனைக்கும் இடத்தில் கொட்டிவிட்டு வாருங்கள்.